மாத்திரையைப் பொடித்துப் பொட்டலம் போட்டுத் தரும் கடைகளிடம் உஷார்

மதுரையில் எங்கள் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் 'பொடி சர்வீஸ்' என்று ஒன்று நடக்கிறது. மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்காகவாம். சீட்டைக் கொடுத்தால் ஒரு மாத மாத்திரையை மொத்தமாக அரைத்து, வேளைக்கு ஒன்றாகக் காகிதப் பொட்டலம் மடித்துத் தருவார்கள். பொட்டலத்துக்கு ஐந்து ரூபாய் கூலி தனி. வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய உதவியாகத்தான் தெரியும். உங்கள் ஊரில் யாராவது இப்படிச் செய்து தருகிறேன் என்றால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறிவிட்டது. விழுங்குவதுதான் சரியாகவில்லை. வெறும் தண்ணீர் குடித்தாலே புரையேறும். மாத்திரை கன்னத்து ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டு, நாம் போய்விட்டது என்று நினைத்த பிறகு பாதி கரைந்து வெளியே வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தவை பிபிக்கு நிஃபெடிபின் ரிடார்ட், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்ஆர், வயிற்று அமிலத்துக்கு பான்டோபிரசோல், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின். விழுங்க முடியாதவருக்கு இந்தச் சீட்டை எழுதிய ஆஸ்பத்திரி மேலும் எனக்குக் கோபம்தான், அது தனிக்கதை. அண்ணன் கடையில், "அண்ணே, இதையெல்லாம் அரைக்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறார். "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான் தம்பி. கவலைப்படாம கொடுங்க" என்று பதில். சொன்னவர் பார்மசிஸ்ட்கூட இல்லை, கல்லாவில் இருக்கிறவர்.

காலைப் பொட்டலம் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவுக்கு முகம் சிவந்தது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். எழுந்து நின்றவர் கண் இருட்டி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டு பிபி மெஷினில் 90/50. ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டது, "அட்டை எங்கே?" என்பதுதான். அட்டை ஏது? மஞ்சளும் வெள்ளையுமாய்த் தூள் இருக்கும் பொட்டலத்தைத்தான் நீட்ட முடிந்தது. அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைக்காத குறை.

நிஃபெடிபின் ரிடார்ட் என்பது பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்த மாத்திரை. அரைத்தால் அந்த அமைப்பு போய்விடும். மருந்து முழுக்க ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கி பிபியைத் தள்ளிவிடும். மெட்ஃபார்மின் எஸ்ஆருக்கும் அதே கதைதான், நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே நேரத்தில் போய் வயிற்றைக் கலக்கும். பான்டோபிரசோலுக்கு மேல் இருக்கும் பூச்சு, வயிற்று அமிலம் மருந்தைச் சிதைக்காமல் குடல் வரை கொண்டுபோவதற்கு. அதைப் பொடித்துக் கொடுத்தால் பெரும்பகுதி வீண். பூச்சுள்ள ஆஸ்பிரினில் விஷயம் தலைகீழ், அங்கே பூச்சு காப்பாற்றுவது நம் வயிற்றை. போதாததற்கு நிஃபெடிபினுக்கு வெளிச்சம் ஆகாது. தூளாக்கிக் காகிதத்தில் மடித்து மாதம் முழுக்க வைத்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும். ஆக, முதல் வாரம் பிபி விழும், கடைசி வாரம் மருந்து போதாமல் போகலாம்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். உள்ளே மேஜையில் ஒரு மிக்ஸி, சட்னி ஜார். ஜாரின் விளிம்பில் முந்தைய ஆளின் தூள் அப்படியே படிந்திருந்தது. ஒரு பையன் அரைத்ததைச் செய்தித்தாளில் கொட்டி, பழைய விசிட்டிங் கார்டால் கண்ணளவாகக் குவியல் குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். தராசு கிடையாது. ஒரு குவியல் பெரிது, ஒன்று சின்னது. எந்தப் பொட்டலத்தில் ஒன்றரை வேளை, எதில் அரை வேளை என்று அவனுக்கே தெரியாது. அந்த ஜாரில் எனக்கு முன்னால் வந்தவர் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெதோட்ரெக்சேட்டை அரைத்திருந்தால்? அந்த மருந்தின் தூள் அரைக்கிற பையனுக்கே ஆகாது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்" என்றார். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும். மருந்தின் பெயரோ பேட்ச் எண்ணோ கிடையாது. எழுதிய கம்பெனி மாத்திரையைத்தான் அரைத்தார்களா, விலை குறைந்த வேறு ஒன்றையா, முப்பதுக்கு முப்பது போட்டார்களா என்று யார் சொல்ல முடியும்? பொடித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம், பணமும் தர மாட்டோம் என்று முடித்துவிட்டார். எனக்கென்னவோ இந்த சர்வீஸின் லாபமே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று படுகிறது.

பொடிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சாதாரண மாத்திரைகள் பலவற்றைக் கொடுக்கும் நேரத்தில் வீட்டிலேயே இரண்டு கரண்டிக்கு நடுவில் நசுக்கலாம், டாக்டரோ பார்மசிஸ்ட்டோ சரி என்ற பிறகு. அட்டையில் பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், சிஆர், எக்ஸ்எல், ரிடார்ட் என்று இருந்தாலோ, 'புரோலாங்டு ரிலீஸ்', 'காஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்' (வயிற்று அமிலத்தில் கரையாத பூச்சு) என்று பொடி எழுத்தில் இருந்தாலோ கை வைக்காதீர்கள். பெயரில் எந்த எழுத்தும் இல்லாமலே பூச்சு இருக்கும் மாத்திரைகளும் உண்டு, பான்டோபிரசோல் அப்படித்தான். அதனால் கேட்காமல் எதையும் நசுக்க வேண்டாம்.

அதைவிட நல்ல வழி, "இவரால் விழுங்க முடியாது, வேறு வடிவத்தில் எழுதிக் கொடுங்கள்" என்று டாக்டரிடம் நேராகக் கேட்பது. பெரியம்மாவுக்கு நிஃபெடிபினை எடுத்துவிட்டு அம்லோடிபின் கொடுத்தார். அது தானாகவே நெடுநேரம் வேலை செய்யும் மருந்து, நசுக்கினாலும் பாதகமில்லை. எஸ்ஆருக்குப் பதில் சாதா மெட்ஃபார்மின், பிரித்துப் பிரித்து. பான்டோபிரசோலுக்குப் பதில் வாயிலேயே கரையும் லான்சோபிரசோல். தண்ணீரில் கரையும் ஆஸ்பிரின். ஸ்பீச் தெரபிஸ்ட்டிடமும் அனுப்பினார். விழுங்குவதைச் சோதிப்பது அவர்கள் வேலை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரில் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறோம். கிண்ணம் நிறையக் கஞ்சியில் கலப்பதில்லை, பாதியில் போதும் என்றால் மருந்தும் பாதிதான் போயிருக்கும். கொடுத்த பிறகு கன்னத்து ஓரத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது அண்ணியின் வேலை.

மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணத் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மருந்தால் வந்த பாதிப்பைச் சொல்ல 1800-180-3024. இதே மாதிரி மாட்டியிருந்தால் மிச்சப் பொட்டலங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பில் இல்லாதபோது கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.