கொடுவாவுக்கு எந்த ஜிக் தலை? உருண்டை, ஆடும் தலை, நாக்குத் தலை – ஓர் ஒப்பீடு

அமெரிக்கர்கள் பாஸ் என்று கொண்டாடும் நன்னீர் மீன் சென்னையில் கிடையாது. நமக்கு வாய்த்திருப்பது கொடுவா, அதாவது ஆசியக் கடல் பாஸ். இரண்டும் வேறு வேறு குடும்பம்தான். ஆனாலும் மறைவில் பதுங்கி நிற்பதும், இரை பக்கத்தில் வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிக்கொள்வதும் இரண்டுக்கும் பொதுவான குணம். அதனால்தான் அங்கே பாஸ் மீனுக்கென்று உருவான ஆடும் ஜிக் தலை (ஜிக் தலை என்றால், போலி ரப்பர் மீனை மாட்டிப் போடும், ஈய எடை சேர்ந்த தூண்டில் முள்), முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் நன்றாகவே வேலை செய்கிறது.

உருண்டைத் தலையில் ஈயமும் முள்ளும் ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும். ஆடும் தலையில் ஈயம் தனி, முள் தனி. நடுவில் ஒரு கம்பி வளையம் இரண்டையும் கோத்திருக்கும். நாக்குத் தலையில் ஈயத்துக்கு முன்னால் வளைந்த பிளாஸ்டிக் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோத, தலையும் பின்னாலிருக்கும் ரப்பர் மீனும் சேர்ந்து துடிக்கும்.

என் தேர்வு ஆடும் தலை. முதல் காரணம் கொடுவாவின் சண்டை முறை. முள் பட்டதும் அது செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். உருண்டைத் தலையில் ஈயத்தின் எடை முழுவதும் முள்ளோடு இறுகியிருக்கிறது. மீன் உதறும் ஒவ்வொரு முறையும் அந்த எடையே நெம்புகோலாகி முள் குத்திய துளையைப் பெரிதாக்குகிறது. தங்கூஸ் ஒரு நொடி தொய்ந்தாலும் போதும், முள் கழன்று விழுந்துவிடும். ஆடும் தலையில் ஈயம் தன்போக்கில் அசைகிறது, முள் குத்திய இடத்திலேயே நிற்கிறது. இரண்டாவது காரணம், முள்ளை நாமே தேர்ந்தெடுக்கலாம். நன்னீர் பாஸுக்கென்று வரும் மலிவான ஜிக்குகளின் மெல்லிய முள்ளைப் பெரிய கொடுவா நிமிர்த்திவிடும். ஆடும் தலையில் தடித்த கம்பியாலான, கழுத்து வளைந்த அகல முள்ளை மாட்டிக்கொள்ளலாம். துருப்பிடித்தால் முள்ளை மட்டும் மாற்றினால் போதும், ஈயம் வீணாகாது.

ரப்பரை மாட்டும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முள்முனையை ரப்பர் மீனின் மூக்கில் நேர் நடுவே குத்தி, அரை சென்டிமீட்டருக்குள் வயிற்றுப் பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். முள்ளின் கழுத்து வளைவு மூக்குக்குள் புதையும்வரை ரப்பரை மேலே தள்ளி, முள்ளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இப்போது ரப்பரை நேராகத் தொங்கவிட்டுப் பார்த்தால், முள்ளின் அடிவளைவு எங்கே வருகிறது என்று தெரியும். அங்கே வயிற்றில் குத்தி, முதுகு வழியாக வெளியே எடுத்து, முனையைத் தோலுக்குள் லேசாகச் செருகிவிட வேண்டும். உடல் கொஞ்சம் மடங்கியிருந்தாலும் ரப்பர் நீந்தாது, பம்பரமாகச் சுற்றும், தங்கூஸும் முறுக்கேறும். அப்படித் தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள், அதே துளையில் வேண்டாம்.

முனை மறைந்திருப்பதால் இந்த அமைப்பு பாலத்தூண்களை ஒட்டிய கற்களிலும் சிப்பிப் படுகையிலும் அறுந்த வலைத் துண்டுகளிலும் அதிகம் சிக்குவதில்லை. உருண்டைத் தலையின் திறந்த முள் அதே இடங்களில் போட்டதும் மாட்டிக்கொள்ளும். ஒக்லஹோமாவைச் சேர்ந்த போட்டித் தூண்டில்காரர் டாமி பிஃபிள் அங்கே பரவலாக்கிய முறைதான் இங்கும் சரி. தூக்கித் தூக்கிப் போடாமல், ஈயம் தரையைத் தட்டிக்கொண்டே வரும்படி ரீலை நிதானமாக, விடாமல் சுற்ற வேண்டும். அவர்கள் நன்னீர் நண்டு போன்ற ரப்பரை மாட்டுகிறார்கள். நம் கழிமுகத்தில் இறால் வடிவம், அல்லது மடவைக் குஞ்சு அளவில் மூன்று நான்கு அங்குல ரப்பர் மீன் பொருத்தம். ஆழமில்லாத கழியில் ஏழிலிருந்து பத்து கிராம் ஈயம் போதும். கடி விழுந்ததும் வெடுக்கென்று மேலே இழுக்காதீர்கள். கனம் தெரியும்வரை சுற்றி, ராடைப் பக்கவாட்டில் வலுவாக வீசுங்கள். ரப்பரைத் துளைத்துக்கொண்டு முள் வெளியே வர அந்த விசை வேண்டும்.

உருண்டைத் தலை தோற்காத இடமும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் கோவளம் முகத்துவாரம் திறந்து, மழைத்தண்ணீர் கடலை நோக்கி விரையும் நாட்களில் 14 கிராமுக்கு மேற்பட்ட உருண்டைதான் நேராக அடிக்குப் போகும். சுத்தமான மணல் தரையிலும் அதுவே போதும். திறந்த முள் விரைவாகக் குத்தும், விலையும் குறைவு. சேறு கலைந்து தண்ணீர் கலங்கியிருந்தால் நான் நாக்குத் தலைக்கு மாறுகிறேன். அதன் துடிப்பைப் பார்க்க முடியாவிட்டாலும் மீனால் உணர முடியும். அதற்குத் துடுப்பு வால் ரப்பர் வேண்டாம், நேர்வாலே நல்லது. ஆட்டத்தைத் தகடு பார்த்துக்கொள்ளும். கல்லில் இடித்து இடித்துத் தகடு உடைவதுதான் அதன் குறை.

எந்தத் தலையானாலும் தடித்த லீடர், அதாவது தங்கூஸின் முனைக்கும் தலைக்கும் நடுவில் கட்டும் துண்டு, கட்டாயம். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்திபோல் அறுக்கும். கையில் பிடிக்கும்போதும் கவனம் வேண்டும்.

பெரிய மீனாக இருந்தால் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகே பெண்ணாக மாறும். பெரிய மீன்களே பெரும்பாலும் முட்டையிடுபவை. இந்த மீனை வளர்ப்புச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைக்க மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் எவ்வளவோ உழைத்து, 1997இல்தான் இந்தியாவில் முதன்முறையாக வென்றது. அதன் ஆய்வு நிலையம் இருப்பதும் இதே முட்டுக்காட்டில்தான்.

கடைசியாக, பேத்தை மீன்கள். ரப்பர் வாலைக் கத்தரித்ததுபோல் கடித்து எடுத்துவிடும். நீட்டினால் அறுந்துபோகாமல் இழுபடும் வகை ரப்பர் இதை ஓரளவு தாங்கும். ஆனால் அதைச் சாதாரண ரப்பரோடு ஒரே பெட்டியில் போடக் கூடாது. ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். வீடு திரும்பியதும் ஆடும் தலையின் வளையத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பு முதலில் அரிப்பது அந்தக் கம்பியைத்தான்.