பார்சல் ஓட்ட மின் ஸ்கூட்டர் வாங்குவோர் பில்லைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்

கோவையில் கணபதி, சரவணம்பட்டி வட்டாரத்தில் கூரியர் பார்சல்களை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பது என் தொழில். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் சென்ற ஆண்டு மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். அதை விற்ற கடை என்னை ஏமாற்றிய விதம் இதே தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

"லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் ஓடும்" என்றார் கடைக்காரர். பார்சல் ஓட்டத்தான் வாங்குகிறேன் என்று, பின்னால் கட்டப்போகும் பையின் அளவைக்கூடக் கையால் காட்டிச் சொன்னேன். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வண்டிக்குப் பதிவு தேவையில்லை. அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு அறுபது பார்சல்களை முடிக்க முடியாதே என்று நான் தயங்கியதும், கடை மெக்கானிக் சீட்டைத் தூக்கி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து வந்த மெல்லிய ஒயர் ஒன்றைக் கழற்றிவிட்டார். வண்டி 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. கழற்றிய அந்த நொடியிலிருந்தே அது பதிவும் லைசென்ஸும் இன்சூரன்ஸும் தேவைப்படும் வண்டியாகிவிட்டது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. யாருக்காவது அடிபட்டிருந்தால் இழப்பீடு முழுவதும் என் தலையில் விழுந்திருக்கும் என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

நாற்பது கிலோ சுமையோடு தெருவுக்குத் தெரு நின்று கிளம்பும்போது, வண்டி புதிதாக இருந்த நாளிலும் ஒரு சார்ஜுக்கு 55 கிலோமீட்டர் தூரத்தைத் தாண்டியதில்லை. மேம்பாலம் ஏறினால் மீட்டரில் சார்ஜ் கட்டங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அணையும். குடோனில் சார்ஜ் போட அனுமதியில்லை. டீக்கடை அண்ணனிடம் கேட்டு அவர் கிரைண்டர் பிளக்கைக் கழற்றி என் சார்ஜரைச் செருகிக் கொடுத்தாலும், பேட்டரி நிறைய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், மதியத்துக்குப் பிந்தைய பார்சல்கள் குடோனுக்கே திரும்பும். அன்றைய கூலியில் பாதி போய்விடும்.

ஏழாம் மாதம் பேட்டரி இருபது கிலோமீட்டரிலேயே படுத்துவிட்டது. வாரன்டி மூன்று ஆண்டு என்ற நம்பிக்கையில் சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஜாப் கார்டில் பேனாவால் எழுதித் தந்தார்கள்: "வணிகப் பயன்பாடு. வேகக் கட்டுப்பாட்டு ஒயர் நீக்கப்பட்டுள்ளது. வாரன்டி பொருந்தாது." ஒயரைக் கழற்றியது கடையின் ஆள். பார்சலுக்கு என்று தெரிந்தே விற்றதும் அதே கடை. பில்லில் "சொந்த உபயோகத்துக்கு மட்டும்" என்று அச்சிட்டிருந்ததை நான் அன்று கவனிக்கவில்லை. இப்போது கேட்டால், "கம்பெனியிடம் பேசிக்கொள்ளுங்கள் தம்பி" என்கிறார் கடைக்காரர். புதிய பேட்டரியின் விலையோ வண்டி விலையில் ஏறத்தாழப் பாதி.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றும் மிரட்டினார். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் "பார்சல் விநியோகத்துக்கு" என்று பில்லிலும் வாரன்டி அட்டையிலும் எழுதி முத்திரையிடச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ஒயரைக் கழற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைக்குள் கால் வைக்காதீர்கள். பதிவு செய்து, பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்தோடு வரும் வணிக மின் வண்டிக்குக் கூடுதலாகச் செலவானாலும் அதையே வாங்குங்கள்.