அளவைக் கப்பல் வாடகை: ஐந்துக்கு மூன்றரை

அந்தமான் கடலின் அடியில் ஆறு நிலநடுக்கக் கருவிகள் வைக்க இடம் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக, விசிறி போல ஒலிக் கற்றைகளை விட்டுத் தரையின் ஆழத்தை அளக்கும் மல்டிபீம் சோனாரும் அதை ஓட்டும் ஆட்களும் சேர்த்து ஒரு கப்பலைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பாராட்டவும் போகிறேன், திட்டவும் போகிறேன்.

"கடல்தானே மச்சான், தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்று என் மச்சினன் கேட்டான். தூக்கித்தான் போடுகிறோம். ஓபிஎஸ் எனப்படும் இந்தக் கடலடி நிலநடுக்கக் கருவி கயிறு எதுவும் இல்லாமல், அடியில் கட்டிய எடையோடு நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கும். 3000 மீட்டர் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். நீவாடு, அதாவது நீரோட்டம், வேறு அதை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகும். சரிவில் போய் உட்கார்ந்தால் சாய்ந்துவிடும், உள்ளே இருக்கும் மானி ஓரளவு சாய்வைத்தான் தாங்கும். இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ என்ற உலகக் கடலடி வரைபடத்தில் ஒரு கட்டமே 450 மீட்டர் அகலம். பல இடங்களில் அது அளந்த ஆழம்கூட இல்லை, செயற்கைக்கோள் தரவை வைத்துக் கணித்தது. அதை நம்பி நாங்கள் சமதளம் என்று குறித்திருந்த நான்காவது இடத்தில் 180 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று நின்றது!

கப்பல் நல்ல கப்பல். ஐந்து நாட் (மணிக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர்) வேகத்தில் சத்தமில்லாமல் போகும், அளக்க வேண்டிய பாதையை, அதாவது லைனை, கோடு போட்ட மாதிரி பிடிக்கும். நாங்கள் கேட்காமலே முதல் நாள் பேட்ச் டெஸ்ட் செய்து, சோனார் பொருத்திய கோணத்தில் இருக்கும் பிழைகளைத் திருத்தினார்கள். ஒரு டிகிரி கற்றை 3000 மீட்டர் ஆழத்தில் ஐம்பது மீட்டர் அகலத் தரையைத் தொடும். எங்களுக்கு அது போதும்.

எனக்குப் பிடித்தது எதிரொலியின் வலுவைக் காட்டும் படம்தான். பாறை பளிச்சென்று தெரியும், சேறு மங்கும். தூத்துக்குடியில் அப்பா கல் கட்டிய கயிற்றை இறக்கி, கையில் வரும் அதிர்வை வைத்தே கீழே பாரா (பாறையா) சேறா என்று சொல்லிவிடுவார். இத்தனை லட்சம் கொடுத்து நாங்கள் கேட்டதும் அதே கேள்விதான். ஐராவதி ஆறு கொட்டிய வண்டல் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது தரைக்கு அடியில் இருக்கும் அடுக்குகளைக் காட்டும் 3.5 கிலோஹெர்ட்ஸ் ப்ரொஃபைலரில் அழகாக விழுந்தது.

இனி திட்டு. மேல்நீரில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது, ஆயிரம் மீட்டர் ஆழத்துக் குளிர் நீரில் 1490க்குப் பக்கம். இந்த வேகக் கணக்கு தப்பினால் ஓரக் கற்றைகள் வளைந்து, தட்டையான தரை கிண்ணம் மாதிரி தெரியும். அந்தமான் கடலோ பெரிய உள்ளலைகளுக்குப் பேர்போனது. மேலே பார்த்தால் நுரைத்த பட்டை ஒன்று நகர்ந்து போகும், அவ்வளவுதான். உள்ளேயோ வெதுவெதுப்பான நீருக்கும் குளிர் நீருக்கும் நடுவிலான எல்லை பல பத்து மீட்டர் ஏறி இறங்கும். காலையில் எடுத்த ப்ரொஃபைல், அதாவது ஆழத்துக்கு ஆழம் ஒலியின் வேகத்தை அளந்த கணக்கு, மதியத்துக்கு உதவாது. மூன்றாம் நாள் மதியம் திரையில் கிண்ணம் கிண்ணமாக வந்தது. இன்னொரு ப்ரொஃபைல் எடுங்கள் என்று சோனார் ஓட்டுபவரிடம் சொன்னேன். "சார், கான்ட்ராக்ட்ல ஒரு நாளைக்கு ஒண்ணுதான். எக்ஸ்ட்ரான்னா தனி சார்ஜ்." பட்டை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, இவர் காகிதத்தைப் புரட்டுகிறார். கடைசியில் நாங்களே காசு கொடுத்து ஐந்து ப்ரொஃபைல் கூடுதலாக எடுத்தோம். அதற்குள் ஒன்றரை நாள் லைன்களை மறுபடி ஓட்டவேண்டியதாயிற்று.

சாப்பாடு சுமார். மீன் மட்டும் தினமும் உண்டு.

கருவிகளை இறக்கிய பிறகு ஒவ்வொன்றையும் சுற்றிவந்து, ஒலியால் தூரம் கேட்டு, விழுந்த இடத்தைக் கணக்கிட்டோம். அந்த வேலையில் டெக் ஆட்களைக் குறை சொல்லவே முடியாது, இரவு இரண்டு மணிக்கும் முகம் சுளிக்கவில்லை. ஆறில் ஐந்து, போட்ட இடத்திலிருந்து 150 மீட்டருக்குள். ஆறாவது 310 மீட்டர் தள்ளிப் போயிருந்தது, ஆனாலும் சேற்றில்தான்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து இந்தத் தீவுகள் வரை சுமார் 1300 கிலோமீட்டருக்குக் கடலடி பிளந்த இடத்தை ஒட்டிய கடல் இது. அதனால் இங்கே வேலை ஓயப்போவதில்லை. அடுத்த ஜனவரியில் கருவிகளை எடுத்து வேறு இடங்களில் இறக்க வேண்டும். இதே கப்பலைத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு ப்ரொஃபைல் என்று இந்த முறை எழுதி வாங்கியாயிற்று.