சோழரா, மலாக்காவா, வெனிஸா: சிங்கப்பூர் யாருடைய வீழ்ச்சியைப் படிக்க வேண்டும்?

சிங்கப்பூர்த் தமிழர் நாலு பேர் கூடி வரலாறு பேசினால் பேச்சு எப்படியும் 1025க்குப் போய்விடும். ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்தைத் தாக்கிய ஆண்டு அது. நம் வாசலிலுள்ள நீரிணைவரை சோழக் கடற்படை வந்ததில் பெருமைப்படுவது சரிதான். ஆனால் அதே சோழர் 1279இல் எப்படிக் காணாமல் போனார்கள் என்று யாராவது கேட்டால், "பாண்டியர் வந்தார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். எதிரி எல்லாருக்கும்தான் வந்தான். சிலரை மட்டும் ஏன் சாய்த்தான் என்பதுதான் கேள்வி.

சோழர் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கல்வெட்டுகளில் கிடக்கும் ஒரு சின்ன விஷயம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் குறுநிலத் தலைவர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உன் பகைவன் என் பகைவன், உனக்கு எதிராக நான் போகமாட்டேன் என்கிற மாதிரியான உறுதிமொழிகள். அரசன் உயிரோடு இருக்கும்போதே அவனுடைய சிற்றரசர்கள் தனியாகக் கூட்டுச் சேர்கிறார்கள் என்றால், படையும் வரியும் யார் கையில் இருந்தன என்று புரிந்துவிடும். அப்புறம் நடந்தது எதுவும் ஆச்சரியமில்லை. 1216இல் பட்டத்துக்கு வந்த சுந்தர பாண்டியன் தஞ்சையைக் கொளுத்தினான். சில ஆண்டுகளில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். சோழச் சக்கரவர்த்தியை மீட்க ஹொய்சளப் படை வர வேண்டியிருந்தது!

வணிகர்கள் மட்டும் தாக்குப்பிடித்தார்கள். சீனாவின் சுவான்சோவில் தமிழர் எழுப்பிய சிவன் கோயிலின் கல்வெட்டு 1281ஆம் ஆண்டுடையது. சோழ அரசு முடிந்து இரண்டு வருடம் கழித்து! நமக்குப் பெருமை தரும் கதைதான். ஆனால் சிங்கப்பூருக்குப் பாடம் என்று பார்த்தால் இதில் பாதிதான் பொருந்தும். மாகாணமும் சிற்றரசரும் இல்லாத தீவு இது. புக்கிட் தீமாவில் கோப்பெருஞ்சிங்கன் கிளம்பப் போவதில்லை.

பிரிட்டன் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அதன் கடைசி அத்தியாயம் நம் ஊரிலேயே நடந்ததால். செம்பவாங்கில் 1938இல் பெரிய கடற்படைத் தளம் திறந்தார்கள், 1942 பிப்ரவரி 15இல் ஊரையே ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள், 1968 ஜனவரியில் படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். கைக்கு மீறிய செலவு, அவ்வளவுதான். அந்தத் தளங்களை நம்பித்தான் சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஓடியது என்பதால் பாடம் நன்றாகவே உறைத்தது. 1967இல் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி வந்தது. 1991இலிருந்து, சேர்த்துவைத்த நிதியிருப்பில் கைவைக்க அதிபரின் ஒப்புதல் என்ற இரண்டாவது சாவி வேண்டும். அந்த முதலீட்டிலிருந்து எதிர்பார்க்கும் நீண்டகால வருமானத்தில் பாதிவரைதான் வரவு செலவுத் திட்டத்துக்கு எடுக்கலாம். இந்தப் பாடத்தில் நாம் தேறிவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

மலாக்காவைத்தான் நாம் கண்டுகொள்வதில்லை. வாரக்கடைசியில் பேருந்து ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் ஊராகிவிட்டது. உண்மையில் அமைப்பில் நமக்கு மிக நெருங்கியது அதுதான்: சின்ன ஊர், நீரிணை, பல இன வணிகர். துறைமுகத்தில் வணிகரைக் கவனிக்கும் அதிகாரிகளாக நாலு ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர், மற்ற இரண்டு பேர் நம் சோழமண்டலக் கரை, வங்கம், பெகு, ஜாவா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டார்கள். யார் வந்தாலும் அவர்களுக்குத் தெரிந்த ஓர் ஆள் வாசலில் நின்றார். ஒரு நூற்றாண்டு அந்த ஊர் செழித்ததன் ரகசியம் இதுதான்.

விழுந்தது எப்படி? 1510 வாக்கில் சுல்தான் மஹ்மூத் தன் பெண்டஹாரா துன் முத்தாஹிரையே கொன்றார். தமிழ் முஸ்லிம் வழி வந்த அந்த முதலமைச்சர் துரோகம் செய்யத் திட்டமிட்டார் என்பது குற்றச்சாட்டு. சந்தேகத்தின் பேரில் அரண்மனை தன் வலது கையை வெட்டிக்கொண்டதை ஊர் முழுக்க வணிகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க்கே ஆயிரத்துச் சொச்சம் வீரர்களோடு வந்து இறங்கியபோது சீன வணிகர்கள் அவருக்குத் தங்கள் கப்பல்களைக் கொடுத்து உதவினார்கள். போர்ச்சுக்கீசியர் 'நினா சாட்டு' என்று எழுதிவைத்த தமிழ் வணிகர் ஏற்கெனவே சிறையிலிருந்த போர்ச்சுக்கீசியருக்கு ரகசியமாக உதவியிருந்தார். ஊர் விழுந்த பிறகு பெண்டஹாரா பதவி அவருக்கே கிடைத்தது. அவரைத் துரோகி என்று திட்டலாம். ஆனால் தனக்குச் சொந்தம் என்று நினைக்காத ஊருக்காக யார் உயிரைக் கொடுப்பார்?

இது நமக்கும் கொஞ்சம் உறுத்த வேண்டும். 2024 கணக்குப்படி இங்கிருக்கும் 60.4 லட்சம் பேரில் 18.6 லட்சம் பேர் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்ல. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் நம் ஊர்த் தம்பிமார் அதில் ஒரு பகுதி. இருந்தாலும் மலாக்கா மாதிரி ஓராண்டில் கவிழும் நிலை இங்கே இல்லை. சட்டம் ஒருவரின் கோபத்தால் மாறுவதில்லை, ராணுவத்தில் எல்லா இனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வெனிஸ், காரணம் அங்கே யாரும் பயப்படவே இல்லை. அந்த ஊர் எழுந்த விதம் அழகு. காசில்லாத இளைஞன் ஒருவன், ஊரில் உட்கார்ந்திருக்கும் பணக்காரர் முதலோடு கப்பல் ஏறுவான். திரும்பி வந்தால் லாபத்தில் நாலில் ஒரு பங்கு அவனுக்கு, மீதி முதல் போட்டவருக்கு. இப்படிச் சில பயணத்தில் கூலியாள் முதலாளியானான், முதலாளி ஊரை ஆளும் மாமன்றத்திலும் உட்கார்ந்தான். 1297இல் மேலே ஏறிய குடும்பங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டன. மாமன்ற உறுப்புரிமை பரம்பரை ஆனது. 1506இலிருந்து பிரபுக் குடும்பப் பிள்ளைகளின் பிறப்பைத் 'தங்கப் புத்தகம்' என்ற பதிவேட்டில் எழுதினார்கள்.

கவனிக்க வேண்டியது: அடுத்த இருநூறு ஆண்டுகள் வெனிஸ் ஜொலித்தது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோடு வந்ததும் அது செத்துவிட்டது என்பார்கள், தப்பு. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் மிளகு வியாபாரம் வெனிஸுக்கே திரும்பி வந்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் புதுவிதக் கம்பெனிகளோடு கிளம்பியபோதுதான் ஈடுகொடுக்கப் புது ஆட்கள் இல்லை. கிரீட் தீவுக்காக 1645 முதல் 1669வரை நடந்த போரில் கஜானா காலியானதும் ஒரு லட்சம் டுகாட் வாங்கிக்கொண்டு பிரபுப் பட்டத்தை விற்றார்கள். திறமைக்குத் திறக்காத கதவு பணத்துக்குத் திறந்தது. 1797இல் நெப்போலியன் மிரட்டியபோது, ஆயிரம் ஆண்டு பழைய குடியரசைக் கலைக்கக் கூடிய மாமன்றத்துக்கு வேண்டிய 600 பேர்கூட வரவில்லை. வந்தவர்கள் வாக்களித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

துவாஸில் உலகின் மிகப் பெரிய தானியங்கித் துறைமுகத்தைக் கட்டுகிறோம். தாய்லாந்தின் கிரா நிலப்பகுதியில் மாற்றுவழி வந்தால் என்ன ஆகும் என்று அடிக்கடி கணக்குப் போடுகிறோம். நல்லது. ஆனால் கப்பல் வழி மாறினால் சமாளிக்கும் ஊர், ஏணி நின்றுபோனால் சமாளிக்குமா? பிள்ளைகளை முதல் வகுப்பில் சேர்க்கக் கட்டம் கட்டமாக நடக்கும் தொடக்கநிலை ஒன்று பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் படித்த பள்ளி என்றால் பிள்ளைக்கு முன்னதாக வரும் 2ஏ கட்டத்திலேயே இடம் கேட்கலாம். பள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பம் பிந்தி வரும் 2சி கட்டம்வரை காத்திருந்து, பேர்பெற்ற பள்ளி என்றால் குலுக்கலை நம்ப வேண்டும். நாம் எல்லாரும் துணைப்பாட வகுப்புக்குக் கொட்டும் பணத்தையும் இதோடு சேருங்கள். தங்கப் புத்தகம் இவ்வளவு மரியாதையாக இருந்ததில்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2022இல் 2சி கட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒதுக்கும் இடங்களை 20இலிருந்து 40 ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் இன்னும் கூட்டலாம். பழைய மாணவர் சங்கங்கள் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். ஆனால் இடத்தை மட்டும் கூட்டினால் போதாது. ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முன்னுரிமை என்ற விதியும் கூடவே இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் வீடு வாங்க முடிந்தவருக்கே கூடுதல் இடங்களும் போய்ச் சேரும் என்பதால், முதலில் கைவைக்க வேண்டியது அந்தத் தூரக் கணக்கில்தான்.