மைக்ரோவேவில் ஒளிரும் பாலிமர் படலம்: மூன்று வருடம் கழித்து

காரைக்குடியில் ஒரு சின்ன ஆய்வகத்தில், வீட்டு மைக்ரோவேவ் ஓவனை வைத்துக்கொண்டு எம்ஈஎச்-பிபிவி படலங்களைச் சுட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஆரஞ்சாக ஒளிரும் பாலிமர். 1990-ல் கேம்பிரிட்ஜில் மின்சாரம் கொடுத்து ஒளிர வைத்தார்களே பிபிவி, அதன் கரையக்கூடிய வாரிசு. பூசிய படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்த ஹாட்பிளேட்டில் அரை மணி நேரம் ஆகும், அந்த வேலை இரண்டு நிமிடத்தில் முடியும் என்ற ஆசைதான்.

ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது, சூடாவது பாலிமரே இல்லை. 100 நானோமீட்டர் படலம் நுண்ணலையைக் கண்டுகொள்வதே இல்லை. அடியில் கண்ணாடி மேல் இருக்கும் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) என்ற ஒளி ஊடுருவும் பூச்சு மின்கடத்தி என்பதால் அதுதான் அலையை வாங்கிச் சுடுகிறது. வெறும் கண்ணாடியில் பூசிய படலம் அப்படியே கிடந்தது, ஐடிஓ மேல் பூசியது பதமாகியிருந்தது. அதே ஐடிஓ ஒரு நாள் ஓரத்தில் பொறி விட்டு கண்ணாடியைப் பிளந்தது. பாலிமரைக் கரைக்கிற டொலுயீனின் ஆவி தீப்பிடிக்க அந்தப் பொறி போதும், அதனால் காயாத படலத்தை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள்.

அப்புறம் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ., உள்ளே அது நிலையலையாக நிற்பதால் திட்டுத் திட்டாகத்தான் சுடும். மெஸ் ஆச்சியிடம் பொரிக்காத அப்பளம் வாங்கி, சுழல்தட்டைக் கழற்றிவிட்டுப் பரப்பி வைத்தேன். எங்கே பொரிந்ததோ அதுதான் சூட்டிடம். (அந்த அப்பளத்தைத் தின்னவில்லை.) '30 சதவீதம்' என்று வைத்தாலும் முழு சக்தியில்தான் விட்டுவிட்டு ஓடும், மெல்லிய கண்ணாடிக்கு அது அடி வாங்குவது மாதிரி, மிச்ச சக்தியை வாங்கிக்கொள்ள ஒரு கிளாஸ் தண்ணீர் கூடவே வைப்பேன். சித்திரை மாதச் சாயங்காலம் வோல்டேஜ் விழுந்தால் காலையில் எடுத்த கணக்கெல்லாம் வீண்.

காற்றில் சுட்டால் ஆக்சிஜன் சேர்ந்து ஒளிர்வு மங்கும், யுவி டார்ச் அடித்தாலே தெரியும். சரி, இப்போது என்ன செய்கிறேன்? ஒளிரும் அடுக்கு மறுபடி நைட்ரஜன் பெட்டிக்குள் ஹாட்பிளேட்டுக்கே போய்விட்டது. அதற்கு முன்னால் ஐடிஓ மேல் பூசுகிற, மின்சாரம் கடத்தும் பாலிமரான பெடாட் அடுக்கை உலர்த்த மட்டும் ஓவன், அதில் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். கதவில் 'சோறு வைக்காதே' என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன், போன வாரமும் ஒருத்தன் இட்லியோடு வந்து நின்றான்.