"ஹெட் போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்: வீட்டு சி.என்.ஜி. கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை

இரவெல்லாம் மெதுவாக ஓடி, வீட்டுக் குழாயில் வரும் கேஸை அழுத்தி காருக்கு நிரப்பும் சின்ன கம்ப்ரஸர்களில் ஒரே மாதிரி மோசடி திரும்பத் திரும்ப நடக்கிறது. விடிந்தும் டேங்க் நிறையவில்லை என்று சர்வீஸுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆள் வருகிறார், மெஷினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறார், ஐந்தே நிமிடத்தில் "ஹெட் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்கிறார். ஹெட் என்றால் மெஷினில் கேஸை அழுத்தும் பகுதி. எந்த கேஜும் (பிரஷர் காட்டும் மீட்டர்) மாட்டவில்லை, ஒரு ரீடிங்கும் எழுதவில்லை. பெரிய தொகைக்கு பில் போட்டு ஹெட்டை மாற்றிய பிறகும் டேங்க் பழையபடி அரைகுறைதான். கோளாறு ஹெட்டில் இருந்தால்தானே தீரும்?

சர்வீஸுக்குச் சொல்லுமுன் வீட்டு கேஸ் மீட்டரைப் பாருங்கள். அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி, முன்னும் பின்னும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினின் பெயர்ப்பலகையில் மணிக்கு 1.5 கன மீட்டர் என்று போட்டிருந்தால், மீட்டரும் ஏறத்தாழ அதைக் காட்ட வேண்டும். ஒரு கன மீட்டர் கேஸ் சுமார் 0.7 கிலோ. 60 லிட்டர் டேங்க் 200 பார் பிரஷரில் 10 கிலோவை ஒட்டிப் பிடிக்கும். அப்படியானால் காலி டேங்க் நிறைய 9, 10 மணி நேரம் ஆகத்தான் செய்யும். ஆறு மணியில் நிறையும் என்று விற்றவர் சொன்னாரே என்றால், ஏமாற்று விற்கும்போதே நடந்துவிட்டது.

மீட்டர் சரியாக ஓடியும் டேங்கில் ஏறவில்லையா? அப்படியானால் கேஸ் எங்கோ வெளியே போகிறது. மெஷினை உடனே நிறுத்துங்கள், கேஸ் வால்வை மூடுங்கள், அதன் பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் குறைவாகக் காட்டினால் முதல் சந்தேகம் ஹெட் மேல் அல்ல, உள்ளே வரும் கேஸ் மேல். வீட்டு லைனில் இருப்பது சுமார் 20 மில்லிபார்தான். தண்ணீர் மனோமீட்டரில் (தண்ணீர் ஏறும் உயரத்தை வைத்து பிரஷர் அளக்கும் குழாய்) 20 செ.மீ. இங்கேதான் பல ஆட்கள் கைவரிசை காட்டுவார்கள். மெஷின் நிற்கும்போது அளந்து "பிரஷர் ஓகே" என்பார்கள். நிற்கும்போது எந்தக் குழாயிலும் பிரஷர் சரியாகத்தான் இருக்கும். மெஷின் ஓடும்போது, கூடவே வாட்டர் ஹீட்டரும் எரியும்போது அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டம் 20-லிருந்து 12-க்கு விழுந்தால் குழாய் சிறுத்தது, அல்லது ரெகுலேட்டர் போதாது, அல்லது இன்லெட்டில், அதாவது கேஸ் உள்ளே வரும் வாயில் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஃபில்டரைத் துடைத்து மாட்டிவிட்டுப் புதுசுக்குப் பில் போடுவதும் உண்டு. பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குளிர் இரவில் மெஷின் 180 பாரை ஒட்டி நின்றுவிட்டால் அது கோளாறே அல்ல. 200 பார் என்பது 15 டிகிரிக்கான கணக்கு. குளிரில் குறைந்த பிரஷரிலேயே அதே எடை கேஸ் அடங்கிவிடும், அதற்கேற்ப மெஷின் முன்னதாக நிறுத்துகிறது. இந்த 'கோளாறை' சரிசெய்கிறேன் என்று மெஷினை நிறுத்தும் கட்-ஆஃப் ஸ்விட்சை அதிக பிரஷருக்கு ஏற்றி வைப்பவரை வாசலோடு அனுப்புங்கள். காலையில் வெயில் ஏறும்போது டேங்க் பிரஷரும் ஏறும்.

நாசிலில் 'உஸ்' என்றால் பெரும்பாலும் கார் பக்கத்து ரிசெப்டக்கிளில், அதாவது நாசில் மாட்டும் வாயில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். விரல் நகத்தில் மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் ரப்பரில் கொப்புளமோ சின்ன வெடிப்போ தெரியும். அதிக பிரஷரில் ரப்பருக்குள் ஊறிய கேஸ், பிரஷர் சட்டென்று இறங்கும்போது உள்ளிருந்தே அதைக் கிழிக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ரிங் போட்டால் சீக்கிரமே இதே கதை, சி.என்.ஜி.க்கு என்றே வரும் ரிங் வேண்டும். கசிவு பார்க்க அம்மோனியா கலக்காத சோப்பு நீர் போதும். அம்மோனியா பித்தளையில் வெடிப்பு விடவைக்கும்.

ஹெட் நிஜமாகவே போயிருந்தால் அதற்குச் சாட்சி உண்டு. கேஸை நாலு கட்டமாக அழுத்தும் நாலு ஸ்டேஜ் மெஷினில் ஒவ்வொரு ஸ்டேஜும் பிரஷரை ஏறத்தாழ நாலு மடங்காக்கும்: 4, 14, 53, 200 பார் என்ற வரிசையில். சரியான எண்கள் மேனுவலில் இருக்கும். இரண்டாம் ஸ்டேஜுக்குப் பின் 14 வர வேண்டிய இடத்தில் 20 காட்டினால், மூன்றாம் ஸ்டேஜின் வால்வோ பிஸ்டன் ரிங்கோ கசிந்து பிரஷரைப் பின்னால் தள்ளுகிறது. எல்லா ஸ்டேஜும் சேர்ந்து குறைவாக இருந்தால் முதல் ஸ்டேஜ் அல்லது இன்லெட். இந்த எண்களைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடாதவருக்கு ஹெட்டைத் தொட அனுமதி இல்லை. கேஜ் மாட்ட இடமே இல்லாத மெஷின்களில் மீட்டர் கணக்கும் இன்லெட் அளவும்தான் உங்கள் ஆயுதம்.

பணம் போவதைவிட மோசமானது கேஸ் சென்சாரை வயர் போட்டு பைபாஸ் செய்வது. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள், அப்புறம்தான் சென்சாரைச் சந்தேகியுங்கள். சூடேறி வேலை செய்யும் வகை சென்சாரை சிலிக்கோன் ஸ்ப்ரே செயலிழக்கச் செய்யும்; பிறகு கசிந்தாலும் சத்தம் வராது. மெஷின் பக்கத்தில் அந்த ஸ்ப்ரே அடித்த ஆள் போனதும் சென்சாரைச் சோதிக்கச் செய்யுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு: 'ஃபில்' என்ற வீட்டு சி.என்.ஜி. மெஷினைத் தயாரித்த கனடாவின் ஃப்யூயல்மேக்கர் 2009-இல் திவாலானது, பழைய யூனிட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. எந்த மெஷினானாலும் ஓடிய மணிக்கணக்கைத் திரையில் கேளுங்கள், வாய்மொழி வேண்டாம். இன்னொரு கூட்டம் ஹை பிரஷர் ஏர் கம்ப்ரஸருக்கு ஸ்டிக்கர் மாற்றி ஒட்டி விற்கிறது. கண்டுபிடிக்க கிராங்க்கேஸை, அதாவது பிஸ்டனை ஓட்டும் தண்டு இருக்கும் அடிப்பெட்டியைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயு, கேஸ் மெஷினில் மூடிய பாதையில் இன்லெட்டுக்கே திரும்பும். ஏர் மெஷினில் காற்றை வெளிவிடும் ஒரு சின்ன பிரீதர் மூடி வழியாக நேராக அறைக்குள் வரும், பக்கத்திலேயே பொறி பறக்கும் சாதா ஸ்விட்ச் இருக்கும். பிரீதர் மூடி கண்ணில் பட்டால் விலை பேசவே வேண்டாம்.