டேப் பேக்கப்: எங்கே சுருக்குவது?

ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்-இல் ஸ்டோரேஜ் வேலைக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் சேர்ந்தபோது டிஸ்க்கில் இருப்பதை டேப்புக்கு நகலெடுக்கும் எங்கள் டிஎஸ்எஸ் டம்ப் ஜாப்கள் எல்லாவற்றிலும், டேட்டாவைச் சுருக்கச் சொல்லும் 'கம்ப்ரஸ்' கீவேர்டு இருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது, எடுக்கவும் பயம். 3480 என்ற பழைய டேப் டிரைவ் காலத்து ஆள் யாராவது போட்டிருக்கலாம். ஒரு கார்ட்ரிட்ஜில் 200 எம்பி மட்டும் பிடித்த காலத்தில் அது நியாயம்தான்.

எங்களிடம் இருந்ததோ 3592 என்ற புதிய டேப் டிரைவ். எழுதும்போது தானே சுருக்கிக்கொள்ளும். ஹோஸ்ட், அதாவது மெயின்ஃபிரேம், ஏற்கெனவே பிழிந்து அனுப்பியதில் டிரைவுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. டேப் எண்ணிக்கை குறைந்தபாடில்லை, சிபியு மட்டும் எரிந்தது. சிபியு பயன்பாட்டின் நான்கு மணி நேரச் சராசரி தொடும் உச்சத்தை வைத்து சாஃப்ட்வேர் பில் போடும் இடத்தில் இது வீண் செலவு. கீவேர்டை எடுத்தோம். டிரைவுக்கான இணைப்பான சேனலில் போகும் டேட்டா கூடியது. எங்களுக்கு அங்கே நெரிசல் இல்லாததால் தொந்தரவில்லை.

பெரிய அடி என்கிரிப்ஷன் ரூபத்தில் வந்தது. இசட்14 மெயின்ஃபிரேம் வந்த பிறகு, ஆடிட்டர்கள் கேட்டதால் டேட்டாசெட்டுகளை (மெயின்ஃபிரேம் ஃபைல்களை) என்கிரிப்ட் செய்தோம். சில வாரங்களில் எழுதக் காலியாக வைத்திருக்கும் ஸ்கிராட்ச் டேப் தீர ஆரம்பித்தது. டிரைவைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். விஷயம் எளிது: டிஎஸ்எஸ் அந்த டேட்டாசெட்டுகளை என்கிரிப்ட் ஆன நிலையிலேயே டம்ப் செய்கிறது. என்கிரிப்ட் ஆன டேட்டாவில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கோவை கிடையாது, சுருக்க எதுவும் கிடைக்காது. டிரைவிலேயே என்கிரிப்ட் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை, அது சுருக்கிய பிறகுதான் பூட்டும்.

அப்புறம் சீக்வென்ஷியல் ஃபைல்களை எக்ஸ்டென்டட் ஃபார்மட்டுக்கு மாற்றி, இசட்இடிசி என்ற ஹார்ட்வேர் கம்ப்ரஷன் போட்டோம். சிஸ்டம் முதலில் சுருக்கி, பிறகு என்கிரிப்ட் செய்யும். டிபி2 டேட்டாபேஸ் டேபிள்களுக்கு அதன் சொந்தக் கம்ப்ரஷன். டேப் தேவை பழைய நிலைக்கு இறங்கியது. சுருக்கும் வேலையை இசட்இடிசி கார்டு பார்த்துக்கொள்வதால் சிபியு கூடியது தெரியவே இல்லை. 2019-இல் வந்த இசட்15 மெஷினில் தனிக் கார்டும் தேவையில்லை, சிப்பிலேயே வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தில் என்கிரிப்ட் ஆகாத வால்யூம்களின் (டிஸ்க்குகளின்) டம்ப்களிலும், இசட்இடிசி வழியாகச் சுருக்கச் சொல்லும் 'இசட்கம்ப்ரஸ்' கீவேர்டைப் போட்டேன். பேக்கப் அருமையாக ஓடியது. அடுத்த டிசாஸ்டர் ரெகவரி ஒத்திகையில்தான் மாட்டினேன். மாற்று மையத்து மெஷினில் அந்தக் கார்டு இல்லை. ரெஸ்டோர் ஃபெயில் ஆகவில்லை, சாஃப்ட்வேரிலேயே விரித்தது. ஆனால் சிபியு முழுவதையும் தின்றுகொண்டு ஊர்ந்தது. திட்டத்தில் எழுதியிருந்த நேரத்துக்குள் முடியவில்லை. விளக்கக் கடிதம் எழுதினேன்.

இப்போது மாற்று மையத்துக்குப் போகும் வால்யூம் டம்ப்களில் ஹோஸ்ட் எதையும் சுருக்குவதில்லை, டிரைவ் பார்த்துக்கொள்கிறது. உள்ளூரிலேயே ரெஸ்டோர் ஆகும் தினசரி டம்ப்களில் மட்டும் 'இசட்கம்ப்ரஸ்' இருக்கிறது. ஒவ்வொரு ஜாப்பிலும் காரணத்தை கமெண்ட்டாக எழுதி வைத்திருக்கிறேன்.